உயிரோடு நின்றவனுக்கு ஓர் ஒப்பாரி

எங்கள் அண்ணிக்குச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கத் தெரியாது. அது குணமா, வியாதியா என்று ஊரில் பெரிய பேச்சு. வியாதி என்று சொன்னவர்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும். எரிகிறபோது எழுதினால்தான் இதை எழுத முடியும்.

எங்கள் வீடு புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாட்டில், கடலைப் பார்த்த கடைசி வரிசையில். அண்ணன் கட்டுமரக்காரன். அண்ணி தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நல்ல உயரம். எலும்பும் நரம்புமான உடம்பு. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள் என்றால் யாரோ ஒருவருக்குத் திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். ஆள் இல்லாவிட்டால் சட்டியைத் திட்டுவாள். சட்டியும் கிடைக்காவிட்டால் கடலைத் திட்டுவாள். கடலை 'அவ' என்றுதான் சொல்வாள். "அவளுக்கு இன்னா இன்னைக்கு ஆட்டம்? புருசன் வூட்டுக்குப் போவலியா?" என்று காலையில் வாசல் தெளிக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் அவளைத் திட்டுக்காரி என்று மட்டும் சொன்னால் அது பொய். திட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். காலையில் 'உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்' என்பார்கள், மத்தியானம் குழம்பு வாங்க வந்து நிற்பார்கள். அண்ணி அப்படி இல்லை.

பாகூரில் பெரிய நெல்லுக்காரர் வீடு ஒன்று உண்டு. அண்ணி அங்கே மீனைக் கொடுத்து நெல் வாங்குவாள். ஒருநாள் அந்த வீட்டம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து மீன இன்னைக்குக் கொண்டாந்திருக்க. உங்க ஆளுங்களுக்குப் பொய்யி கூடவே பொறந்தது" என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் வலையிலிருந்து எடுத்த மீன் அது. அண்ணி ஒன்றும் கத்தவில்லை. முறத்தில் போட்ட மீனை எல்லாம் திரும்பக் கூடையில் அள்ளினாள். "இனிமே இந்தத் தெருவுல என் காலு படாது" என்றாள். அவ்வளவுதான்.

மற்றவள் சொல்லியிருந்தால் அந்தச் சொல் அடுத்த வெள்ளிக்கிழமை வரை தாங்கியிருக்கும். அண்ணி அன்றுமுதல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தத் தெருவைத் தாண்டினால் சந்தை. தாண்டாவிட்டால் கரைமேல் நடந்து, வரப்பில் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய ஒரு பெரிய சுற்று. மழைக்காலத்தில் தலையில் கூடையோடு அவள் அந்த வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டம்மாவே பிறகு மனசு கேட்காமல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அண்ணி அந்த ஆளிடம், "அந்தம்மா நல்லவங்கதான்பா. ஏதோ வாய் தவறிடுச்சி. ஆனா நான் சொல்லிட்டேனே" என்றாள்.

சொல்லிட்டேனே. இதுதான் அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில்.

அம்மனையும் அவள் விட்டுவைக்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. ஒரு ஆடித் திருவிழாவில் கோயில் வாசலில் நின்று, "எனக்குக் குடுக்கறப்போ குடு. குடுத்தப்புறம் நான் உள்ள வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அம்மன் கொடுக்கவில்லை. இவளும் போகவில்லை. வருஷா வருஷம் கூழ் காய்ச்சி என் கையில் கொடுத்து அனுப்புவாள். தான் மட்டும் கோயில் வேலிக்கு வெளியே, சன்னிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பூசாரி கற்பூரத் தட்டை வேலிக்கு மேலாக நீட்டினால் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி ஒற்றிக்கொள்வாள். ஊர் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது துரைக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

புதுச்சேரி பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தான். என்ன உத்தியோகம் என்று எங்களுக்குத் தெரியாது. பெரியது என்று மட்டும் தெரியும். அவனுக்குத் தூண்டில் பைத்தியம். சக்கரம் வைத்த பளபளப்பான தூண்டில் கம்போடு மோட்டாரில் வருவான். மோட்டார் மணலில் புதையும், ஊரே போய்த் தள்ளும். கூடவே ஒரு துபாசி, அவன் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொல்கிற பட்டணத்து ஆள். கோட்டும் தொப்பியும் போட்டிருப்பார். எங்கள் தமிழைக் காதில் வாங்கும்போது மூக்கைச் சுளிப்பார், ஏதோ கருவாடு நாறுகிற மாதிரி.

துரைக்கு வழி காட்டுகிறவன் எங்கள் அண்ணன். எந்தத் தண்ணீரில் எந்த மீன் நிற்கும், எந்த இரைக்கு வாய் திறக்கும் என்று காட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஐப்பசியில் மழை பிடித்துச் சுண்ணாம்பாறு பெருகி, முகத்துவாரம் உடைத்துக்கொண்டால், செம்மண் தண்ணீரும் கடல் தண்ணீரும் கோடு கிழித்தாற்போல மோதும். அந்தக் கோட்டில் கொடுவா மீன் வந்து நிற்கும். ஆள் உயரக் கொடுவா. துரைக்கு வேண்டியது அது. மழை நாளில், ஆறு பொங்குகிறபோது, அலை உடைகிற இடத்தில்தான் அது கிடைக்கும். வெயில் நாளில் அவன் வரமாட்டான். நாங்கள் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் நாளாகப் பார்த்து வருவான்.

கெட்டவன் என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போய்விடும். கெட்டவன் இல்லை. சிரித்த முகம். பிஸ்கோத்து டப்பா கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பான். அண்ணன் தோளில் தட்டுவான். அந்தத் தட்டுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. துரை தட்டிய தோளை அண்ணன் ஒரு வாரம் குனிய விடமாட்டான்.

ஒரு ஐப்பசியில் நானும் கூடப் போனேன். வாடைக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கிறது. துபாசி கரையில் குடை பிடித்து நின்றுகொண்டார். கட்டுமரத்தில் ஒரு மரப்பெட்டியைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் துரையை உட்கார வைத்தோம். தொப்பியை நாடாவால் தாடையோடு கட்டியிருந்தான். முன்னால் அண்ணன், பின்னால் நான். முகத்துவாரத்தில் ஆறு எங்களை வெளியே தள்ளுகிறது, கடல் உள்ளே தள்ளுகிறது. கட்டைகள் கிறீச்சென்று முனகுகின்றன. அண்ணன் உயிர் மடவை மீனைத் தூண்டிலில் கோத்து, கோடு இருக்கும் இடத்தைக் கையால் காட்டினான். துரை வீசினான். ஒன்றும் இல்லை. மறுபடியும் வீசினான். ஒன்றும் இல்லை. தெற்கே ஒரு இருட்டு எழுந்து வந்தது. அண்ணன் கரையைக் காட்டினான்.

"அங்கோர்!" என்றான் துரை.

இன்னும் கொஞ்சம் என்று அர்த்தமாம். அவன் பாஷையில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். அண்ணன் கரையைக் காட்டக் காட்ட அவன் விரலை உயர்த்தி, "அங்கோர், அங்கோர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அண்ணனுக்குக் கட்டுமரத்தைத் திருப்பத் துணிச்சல் இல்லை. கடலில் அவனுக்குத் தெரியாத பயம் தரையில் இருந்து கூடவே ஏறி வந்திருந்தது.

கொடுவா அடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. துரை பெட்டியிலிருந்து முழங்காலில் விழுந்தான். நூல் கட்டைக்கு அடியில் போகிறது, போனால் அறுந்துவிடும். நான் குனிந்து நூலைக் கையால் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை எங்களைத் தூக்கிப் போட்டது. நூல் என் இடது கை விரல்களில் சுற்றிக் கட்டுக்கயிற்றோடு இறுகியது. மீன் ஒரு பக்கம் இழுக்கிறது, கடல் ஒரு பக்கம் இழுக்கிறது. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போய்விட்டன.

துரை பதறினான், இல்லையென்று சொல்லமாட்டேன். தன் கைக்குட்டையைக் கொடுத்தான். ஆனால் மீனை விடவில்லை. கரைக்கு வந்ததும் மீனைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் துரையும் ஒரு பக்கம் அண்ணனும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் சிரித்தான். ஆமாம், சிரித்தான். என்னை ஒரு படகின் மறைவில் உட்கார வைத்திருந்தார்கள், ரத்தம் படத்தில் விழுந்துவிடும் என்று.

அண்ணி அன்றைக்குத் திட்டவில்லை. என் கைக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைத்துக் கட்டினாள். "இனிமே உனக்கு மீனு முள்ளு எடுக்கறது என் வேல" என்று என்னிடம் சொன்னாள். பிறகு எழுந்து, தலைப்பைச் செருகிக்கொண்டு, அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு தபா அந்தத் தொப்பிக்காரன ஏத்திக்கினு மழையில எறங்கினேன்னு வையி, நீ திரும்பி வரயோ வரலியோ, அன்னைக்கே நான் தாலி அறுத்துருவேன்."

அண்ணன் சிரித்தான். "அடி போடி. பொம்பளைங்க சொல்றதுதான இது" என்றான்.

உண்மைதான், எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் சொல்கிற வார்த்தை அது. புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் சொல்வார்கள், கருவாட்டுக்குக் காவல் இருக்காமல் தூங்கிவிட்டாலும் சொல்வார்கள். ஆனால் சொன்னவள் யார் என்று பார்க்க வேண்டாமா? ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிறவள் ஆயிற்றே அவள்!

மறு வருஷம் வரைக்கும் துரை வரவில்லை. ஆனால் ஊர் நாட்டார், அதாவது குப்பத்துக்குத் தலைவர், துபாசி மூலமாக அவனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டித் தருவதாக. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. பெண்கள் மேற்கே வயல்காட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடித் தண்ணீர் கொண்டு வருவார்கள். கிணறு என்றதும் ஊரே துரையைக் கும்பிட்டது. அண்ணன் அந்தத் துரைக்கே வழி காட்டுகிறவன். சொல்ல வேண்டுமா? தலை மேகத்தில் முட்டியது.

கார்த்திகையில் மோட்டார் வந்தது. துரையோடு இன்னொரு வெள்ளைக்காரனும் இறங்கினான். வானத்தைப் பார்த்தால் கிழக்கே சட்டியின் அடி மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. நண்டுகள் வளையை விட்டு மேட்டுக்கு ஏறிவிட்டன. அலை சத்தம் மாறியிருந்தது. நாட்டாருக்கு இதெல்லாம் தெரியாதா? அண்ணனைவிட மூத்த கடலோடி அவர். அவர்தான் சொன்னார்: "ஓரமாவே நாலு எட்டு போய்ட்டு வந்துருப்பா. மனசு கோணிச்சின்னா கெணறு போயிரும்."

"ஓரந்தான் ஆளக் கொல்ற எடம், தெரியாத மாதிரி பேசறியே" என்று நான் கத்தினேன். "அலை ஒடையறது ஓரத்துல. போன வருசம் என் வெரல் போனதும் ஓரத்துலதான்."

"நீ சும்மா கெட" என்றான் அண்ணன். பெட்டியைக் கட்டுமரத்தில் வைத்துக் கட்ட ஆரம்பித்தான். பின்னால் நின்று துடுப்புப் போட பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும் ஆள், முகம் செத்துப்போய் வந்தான்.

அண்ணி வீட்டிலிருந்து வந்தாள். ஓடவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள்.

"போறியா?"

"போறேன்."

"நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"வெள்ளக்காரங்க முன்னாடி மானத்த வாங்காத. வூட்டுக்குப் போ."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால் சவம் எடுக்கும்வரை ஒரு கட்டுமரமும் தண்ணீரில் இறங்காது. பகையாளி வீட்டுச் சாவாக இருக்கட்டும், பெயர் வைக்காத பச்சைப் பிள்ளையாக இருக்கட்டும். மீறினால் ஊர் தாங்காது என்று பயம். இன்னொரு வழக்கம் பெண்களுடையது. ஒப்பாரிக் குரல் காதில் விழுந்தால் யார், என்ன என்று கேட்க மாட்டார்கள். அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து, அழுகிறவளைக் கட்டிப்பிடித்துத் தாங்களும் குரல் எடுத்துவிடுவார்கள். மூச்சு வாங்கும்போதுதான் 'யாருடி?' என்று கேட்பார்கள்.

அண்ணி ஈர மணலில் உட்கார்ந்தாள். வளையல் கைகள் இரண்டையும் கட்டுமரத்துக் கட்டையில் ஓங்கி மோதினாள். கண்ணாடி தெறித்தது. பொட்டை அழித்தாள். கழுத்திலிருந்து தாலிக் கயிற்றை இழுத்து அறுத்து நாட்டார் காலடியில் போட்டாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் குரல் எடுத்தாள்.

"கடலு கூப்டலியே சாமி, காரு வந்து கூப்டுதே
அலை அள்ளலியே சாமி, ஆளு வந்து அள்ளுதே..."

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன். அண்ணன் கண் எதிரே நிற்கிறான் என்று தெரிந்தும் நானே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். ஊர்க் கோடியில் சங்கு ஊதுகிறவன் சத்தத்தைக் கேட்டுச் சங்கை எடுத்து ஊதியும் விட்டான். பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவள், மூக்கைச் சிந்திக்கொண்டே, "யாருக்கா?" என்று கேட்டாள்.

"என் புருசன்" என்றாள் அண்ணி.

வட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் கையில் துடுப்போடு நிற்கிறான். அழுத வாய் அழுதபடியே நின்றது. ஆனால் ஒப்பாரி வைத்தாகிவிட்டது, சங்கு ஊதியாகிவிட்டது, தாலி மண்ணில் கிடக்கிறது. இதற்குமேல் சாவுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரன்தான் முதலில் துடுப்பைக் கீழே போட்டான். கட்டுமரத்தைத் தள்ள வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

துரை துபாசியைக் கேட்டான். யார் இறந்தது என்று கேட்டிருக்க வேண்டும். துபாசி நாட்டாரைப் பார்த்தார், நாட்டார் கடலைப் பார்த்தார். கடைசியில் துபாசி என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணனைக் கையால் காட்டினார். துரை சிரித்தான். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தான், மணலில் கிடந்த வளையல் சில்லைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, உயிரோடு நின்ற என் அண்ணனுக்குத் தலை குனிந்துவிட்டு, மோட்டாரில் ஏறிப் போய்விட்டான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு ஏன் வயிறு எரியப்போகிறது? மத்தியானம் வெயில் அடித்தது. ஆமாம், வெயில். கறுத்துக் கிடந்த மேகமெல்லாம் வடக்கே எங்கேயோ போய்விட்டது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போலப் படுத்துக் கிடந்தது. புயலும் இல்லை, மயிரும் இல்லை. முகத்துவாரத்தில் கொடுவா துள்ளுகிறது, பார்க்கிறார்கள். எடுக்காத சவம் ஒன்று ஊரில் நடமாடிக்கொண்டிருப்பதால் ஒருவனும் இறங்க முடியவில்லை. மறுநாள் ஊரெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்துத்தான் வலை எடுத்தார்கள்.

பஞ்சாயத்து கூடியது. நாட்டார் கேட்டார்: "புயலு வந்துச்சாம்மா? ஆம்பளைய உயிரோட சாகடிச்சிட்டு, ஊரு கெணத்தயும் மூடிட்டியே?"

"புயலு வரலன்னு கோவமா உங்களுக்கு?" என்றாள் அண்ணி. "வந்து இந்த ஆளு செத்திருந்தா, பொணத்த நடுவுல போட்டுக்கினு, ஐயோ அன்னைக்கே தடுத்தாளேன்னு என்னக் கும்பிட்டிருப்பீங்க. இவன் உசுரோட இருக்கறதுதான் எம்மேல குத்தம். அப்படித்தான?"

பிறகு நாட்டார் இறங்கி வந்தார். அம்மன் கோயிலில் வைத்து அண்ணன் புதுத் தாலி கட்டட்டும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று இவள் ஒரு வார்த்தை சொல்லட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். அவனுக்கும் ஆசைதான் என்று முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சிதான் செஞ்சேன்" என்றாள் அண்ணி. "தெரியாம செஞ்சேன்னு எப்பிடிச் சொல்றது? அறுத்துருவேன்னு சொன்னேன், அறுத்தேன். கட்டிக்கறேன்னு நான் சொல்லலியே."

நான் போய்க் கெஞ்சினேன். "அண்ணி, ஒரு பொய்தான, சொல்லிட்டுப் போயேன்."

"நான் சொன்னா சொன்னதுதான்னு தெரிஞ்சிதான தம்பி அன்னைக்குக் கட்டையிலேர்ந்து கைய எடுத்தாங்க? இப்ப அதத் திரும்ப வாங்கிக்கினா, நாளைக்கு நான் அழுதா எவன் நிப்பான்?"



அதற்கப்புறம் அவள் பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை, வளையல் போடவில்லை. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் வரவேண்டாம் என்றார்கள். புருஷன் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான், பெண்டாட்டி வெளியே மூளியாக நிற்கிறாள். தண்ணீருக்குப் போகும்போது பெண்கள் அவளைக் குத்திக் காட்டுவார்கள். "கெணறு இருந்தா இப்பிடி நடப்பமா?" என்பார்கள். அவளும் அதே குடத்தைத்தான் சுமந்தாள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. துரையை அடுத்த குப்பத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். மழைக்கு மழை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுவா காட்டினார்கள். அவர்களுக்கும் கிணறு வரவில்லை. அவன் ஒருநாள் கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டான். இதை நான் நாட்டாரிடம் போய்ச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார் மனுஷன்!

அண்ணனுக்குச் 'செத்தவன்' என்று பெயர் விழுந்தது. 'செத்தவன் வலையில இன்னைக்கு நல்ல மீனு' என்பார்கள். துரை தட்டிய தோள் தொங்கிப்போயிற்று. அந்தப் பெயருக்காக அவன் அண்ணியோடு பேசுவதை விட்டுவிட்டான். வீட்டை விட்டும் போகவில்லை, வேறு ஒருத்தியையும் பார்க்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை. அவள் போட்ட சோற்றைத் தின்பான், அவள் மூட்டிய வலையை எடுத்துப்போவான்.

ஆனால் ஒன்று. விடியற்காலை கடலுக்குக் கிளம்பும்போது துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்று, யாரையோ கேட்கிற மாதிரி கேட்பான்: "காத்து எப்பிடி?"

அண்ணி உள்ளே அடுப்படியிலிருந்து, "போ" என்பாள். போவான். ஒன்றும் சொல்லாவிட்டால் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான். மனுஷன் அவள் பேச்சைக் கேட்காமல் ஒருநாளும் கடலில் காலை வைக்கவில்லை. இது ஊரில் எவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

விரல் போனபிறகு எனக்குக் கடல் சரிப்படவில்லை. பட்டணத்தில் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்துக் கற்றதும் அங்கேதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணி என் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து முள் எடுத்துப் போடுவாள். எனக்கு நரை விழுந்த பிறகும் போடுவாள். "என் பெண்டாட்டி பார்த்துச் சிரிக்கிறா அண்ணி, விடு" என்றால், "சொல்லிட்டேனே" என்பாள்.

பெரிய யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் கழித்து அண்ணன் செத்தான். கடலில் இல்லை. மார்ச்சளி கட்டி, தன் வீட்டில், தன் பாயில், அவள் கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டுச் செத்தான். தகவல் கேட்டு நான் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. பெண்கள் வந்து உட்கார்ந்து, வளையல் உடைக்க அவள் கையைப் பிடித்தார்கள். மொட்டைக் கை. பொட்டு அழிக்கப் பார்த்தால் வெறும் நெற்றி. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அழுதுடும்மா, நெஞ்சு வெடிச்சிரும்" என்றாள் ஒரு கிழவி.

"அழுதாச்சி" என்றாள் அண்ணி. "எத்தினி தபா அழுவறது?"

கடல் அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. மத்தி கூட்டம் கூட்டமாக மேலே மினுங்கியது. ஆண்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அண்ணி வெளியே வந்தாள். தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"இன்னாத்துக்கு நிக்கறீங்க? கடலுக்குப் போங்கடா. இந்த ஊட்டுச் சாவுக்கு ஊரு அன்னைக்கே நின்னுடுச்சி. ஒரு சாவுக்கு ரெண்டு தபா நிக்க வேணாம். அன்னைக்கு எடுக்காத பொணத்த இன்னைக்கு எடுக்கறோம், அவ்ளோதான். போங்க."

ஒருவனும் அசையவில்லை. நாட்டார் தடி ஊன்றிக்கொண்டு நின்றார், கண் சரியாகத் தெரியாத கிழவராகியிருந்தார். கரைக்கு இறங்கிப் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த தன் மகனுடைய கட்டுமரத்தின் கயிற்றைத் தடவிப் பிடித்து, மேட்டுக்கு இழுத்தார். அவரால் இழுக்க முடியவில்லை. மற்றவர்கள் ஓடிப்போய்க் கை கொடுத்தார்கள். பிறகு எல்லாக் கட்டுமரங்களும் மேலே ஏறின. அண்ணி அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "சொன்னா கேக்கறதில்ல. என்னைக்கு இந்த ஊரு என் பேச்சக் கேட்டுச்சி!" எனக்கு அப்போதும் கோபம்தான். இதை அன்றைக்கே, அவள் இளமையோடு இருந்தபோதே செய்திருக்கக் கூடாதா இந்தக் கிழவன்?

பாடையைத் தூக்கினோம். முன்பக்கம் ஒரு கொம்பை என் மூன்று விரலால் நான் பிடித்திருந்தேன். வாசலைத் தாண்டும்போது அண்ணி ஒரு கையை நீட்டி எங்களை நிறுத்தினாள். விடியற்காலையில் அண்ணன் துடுப்போடு நின்று காற்றைப் பற்றிக் கேட்கும் இடம் அது. கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்திவைத்தாள். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவன் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை. அவளே கடலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"போ" என்றாள்.